ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தைந்து

துணி தைக்கக் கொடுப்பவர்களுக்கு அவள் தையல்கார அக்கா. பழைய ரேஸ் சைக்கிள் பைத்தியங்களுக்கு வெறும் ‘டேப்’. கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர் இல்லை. குளிக்கும்போதாவது கழற்றுவாளா என்று ஒரு கிண்டலே உண்டு. வாரம் ஆறு நாள் மிஷின் மிதிப்பாள். ஏழாம் நாள் பழைய இரும்புக் கிடங்குகளில் நுழைந்து, யாருக்காவது ஒரு எஃகு ஃபிரேம் தேடிக்கொண்டிருப்பாள்.

ஃபிரேம் வாங்கப் போகிறவன் முதலில் பெயிண்டைப் பார்ப்பான், அப்புறம் ஸ்டிக்கரைப் பார்ப்பான், அப்புறம் ஏமாந்து போவான். டேப் ஸ்டிக்கரைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். “ஸ்டிக்கர்தானே? நான்கூட நெத்தியில மகாராணின்னு ஒட்டிக்கலாம்” என்பாள். சீட்டைத் தாங்கும் கம்பியை உருவிவிட்டு, அது நுழையும் துளையை அளப்பாள். துளை இருபத்தேழு மில்லிமீட்டரைத் தாண்டினால் குழாயின் சுவர் மெல்லிசு, நல்ல எஃகு. இருபத்தாறிலேயே நின்றுவிட்டால் சுவர் தடிமன், தூக்கினால் தோள் சொல்லும். பிறகு நகத்தால் குழாய் நெடுகத் தட்டுவாள். இரண்டு ஓரமும் மந்தமாக, நடுவில் மட்டும் கணீரென்று கேட்டால் முகம் மலர்ந்துவிடும். பற்றவைக்கிற இடத்தில் தடித்து, நடுவில் மெலிந்த குழாய் அது. அந்தக் காலத்து ரேஸ்காரர்கள் உயிரை விட்டது அதற்குத்தான்.

எஃகு நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? ஆளுக்குப் பொருந்த வேண்டாமா? கடையின் பின் அறையில் ஆளைச் சுவரோடு நிறுத்தி, காலை அளந்து சீட் குழாயின் உயரம் சொல்வாள், உடம்பையும் கையையும் அளந்து, சீட்டிலிருந்து ஹேண்டில் பக்கம் போகும் மேல்குழாயின் நீளம் சொல்வாள். அளவுகளைச் சாக்கட்டியால் சுவரிலேயே எழுதிவிடுவாள்.

கடைசியாக ஒன்று செய்வாள். ஹேண்டில் நுழையும் முன்கழுத்துக்குப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கம் விரலால் தடவுவாள். எங்கேயாவது முன்பக்கமாக மோதிய வண்டி என்றால் அங்கே குழாய் லேசாக நெளிந்திருக்கும். கண்ணுக்குப் பிடிபடாது, விரலுக்குப் பிடிபடும். மற்றவர்கள் ஒரு முறை தடவுவார்கள். இவள் பத்து முறை தடவுவாள். “என்னக்கா, குழந்தைக்குக் காய்ச்சலா பாக்குறீங்க?” என்று கேலி செய்வார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள். ஏன் பத்து முறை என்று ஒருவருக்கும் தெரியாது.

அது பதினாலு வருஷத்துக்கு முந்தைய கதை. அவளை இந்தப் பைத்தியத்தில் இழுத்துவிட்டவனே அவள் தம்பிதான். கால் வளர்ந்த வேகத்துக்கு உடம்பு வளராத ஆள். அவன் காலுக்கு ஏற்ற உயரத்தில் ஃபிரேம் எடுத்தால் மேல்குழாய் நீண்டு தொலைக்கும். காயப்போட்ட துணி மாதிரி ஹேண்டில் மேல் தொங்கிக்கொண்டு போவான். அவனுக்கு வேண்டியது சீட் குழாய் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர், மேல்குழாய் ஐம்பத்தைந்து. லேசில் கிடைக்கிற அளவா அது? எட்டு மாதம் அலைந்தாள். ஒரு நாள் கிடைத்தே விட்டது. துளை சரி, ஓசை சரி, முன்கழுத்தின் சாய்வு சரி. கைகால் பரபரக்கக் கடைசியாக விரலை வைத்தாள். ஓர் இடத்தில் விரல் ஏறி இறங்கியது.

பெயிண்ட், என்று சொல்லிக்கொண்டாள். இரண்டு கோட் அடித்திருப்பான், வழிந்திருக்கும். துணியில் பழுது இருந்தால் தையலுக்குள் மடித்து மறைப்பது அவளுக்குக் கைவந்த கலை. அன்றைக்கு அதைத் தன் மனசுக்கே செய்துகொண்டாள்.

பதினோராவது வாரம், ஓர் இறக்கத்தில், அதே இடத்தில் குழாய் ஒடிந்தது. முப்பத்தொரு வயதில் தம்பி போய்விட்டான். ரோடு மோசம் என்றார்கள், விதி என்றார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது சுலபம். ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தம்பி பெண்டாட்டியிடம் போய், ‘எனக்குத் தெரியும்’ என்று எந்த வாயால் சொல்வது?

அன்றிலிருந்து சாயங்காலம் நாலேகாலுக்கு, அவன் வேலை விட்டு வரும் நேரத்துக்கு, தெருமுனையிலிருந்து பின்சக்கரம் டிக் டிக்கென்று உருளும் சத்தம் வந்து வாசலில் நிற்கும். மிஷினிலிருந்து காலை எடுப்பாள். வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். அவள் ஒன்றும் பயந்தாங்கொள்ளி அல்ல. இறங்கிப் போய்ப் பார்ப்பாள், பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்பாள், காதையும் காட்டிப் பார்த்துவிட்டாள். காதில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோளாறு இருந்திருக்கக் கூடாதா என்று அழுதுகொண்டேதான் வீட்டுக்கு நடந்தாள். பதினாலு வருஷமாக ஒரு நாள் தவறாமல் அவன் வந்துகொண்டிருந்தான்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு காலைப்பொழுதில் தம்பி பெண்டாட்டி கடை ஏறி வந்தாள். கல்யாணம் காட்சியில் தலையாட்டுவதோடு சரி. அவன் போனபிறகு இந்தப் படியை அவள் மிதித்ததே இல்லை. பின்னாலேயே மகள், பத்தொன்பது வயசு, தோளில் ஒரு பச்சை ஃபிரேமை மாட்டிக்கொண்டு நின்றாள்.

“அத்தை, நானே தேடிப் பிடிச்சேன். நீங்க ஓகே சொன்னாத்தான் வாங்கணும்னு அம்மா ஒத்தக்கால்ல நிக்குறாங்க. விக்கிறவருகிட்ட நாளைக்குள்ள பதில் சொல்லணும்.”

மறுக்க வாய் வரவில்லை. சுவரோடு நிறுத்தி அளந்தாள். கால், உடம்பு, கை. கணக்குப் போட்டு, சாக்கட்டியை எடுத்துச் சுவரில் எழுதினாள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. நீண்ட காலை மடக்கி, ஒரு தோளைத் தாழ்த்தி, அவன் நின்ற மாதிரியே நின்றுகொண்டிருந்தது பெண். “முடிஞ்சுதா அத்தை?” என்று கேட்டபோது ஒரு கணம் யார் கேட்டது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

ஃபிரேமை மேஜையில் வைத்தாள். துளை சரி. ஓசை சரி. விரலை வைத்தாள். வழவழவென்று போனது. மறுபடி வைத்தாள். ஒன்றும் இல்லை. இருபது முறை தடவியிருப்பாள். அன்றைக்குப் பொய் சொல்லாத விரல் இன்றைக்குச் சொல்லாது என்று யார் கண்டது? பொய் சொன்னது விரலா, அவள்தானே!

“வேண்டாம்டா. திருப்பிக் கொடுத்துடு.”

“ஏன் அத்தை? எங்க கோளாறு? காட்டுங்க.”

“வேண்டாம்னா விடேன்!”

“காரணம் சொல்லாம எப்படி விடறது?”

அவ்வளவுதான், அணை உடைந்தது. எட்டு மாதம், கிடங்கு, விரல் ஏறி இறங்கியது, பெயிண்ட் என்று சொல்லிக்கொண்டது எல்லாவற்றையும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டே கொட்டித் தீர்த்தாள். “உங்கப்பாவைக் கொன்னது ரோடு இல்லடா, நான்தான்” என்றாள். காறித் துப்பட்டும், அடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை. தம்பி பெண்டாட்டி மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“அவருக்கும் தெரியும் அண்ணி.”

“என்ன தெரியும்?”

“வாங்கின மறுநாள் காலையில தொடைச்சுக்கிட்டிருந்தவரு, என் விரலைப் பிடிச்சு அந்த இடத்துல வெச்சுக் காட்டினாரு. இது அடிபட்ட வண்டிடின்னாரு. அப்ப அக்காகிட்ட சொல்லுங்கன்னேன். ‘எட்டு மாசமா எனக்காக நாயா அலைஞ்சிருக்கு. தெரிஞ்சா உடைஞ்சு போயிடும். கொஞ்ச நாள் ஓட்டிட்டு மாத்திக்கறேன், நீ வாயைத் திறக்காத’ன்னாரு. நானும் திறக்கல. உங்க முகத்தைப் பாக்க முடியாமத்தான் அண்ணி இந்தப் பக்கமே வரல.”

டேப் நின்ற இடத்திலேயே நின்றாள். இத்தனை வருஷம் அவனை ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்தாள். ஏமாறவே இல்லை அவன். தெரிந்தே, அவளுக்காக, அந்த இறக்கத்தில் இறங்கியிருக்கிறான். இதற்கு முந்தைய நினைப்பே தேவலாம் போலிருந்தது.

பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்போ மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்கு” என்றாள். குரல் உடைந்தது. “யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், சத்தமா சொல்லியிருக்கலாம்ல?”

 பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஃபிரேமைத் திருப்பி அடிப்பக்கம் மேலே வரும்படி வைத்தாள். தானே தடவினாள். “எனக்கு ஒண்ணும் தெரியல” என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக. “அத்தை?”

“எனக்கும் தெரியல.”

“அம்மா, நீங்க.”

தம்பி பெண்டாட்டி எழுந்து வந்து விரலை வைத்தாள். விரல் போனது, நின்றது, திரும்ப வந்தது, அங்கேயே நின்றது.

“இருக்கு” என்றாள். “என்னமோ இருக்கு அண்ணி.”

டேப் மறுபடி தடவவில்லை. நிஜமாகவே நெளிவு இருக்கிறதா, வெறும் பயமா என்று கேட்கவும் இல்லை. “உங்கம்மா இருக்குன்னா இருக்கு. இது வேண்டாம்” என்றாள். “ஆனா இந்த அளவுல இன்னொண்ணு கிடைக்க வருஷக்கணக்கா ஆகும்டா.”

“ஆகட்டும் அத்தை” என்று பெண் ஃபிரேமைத் தோளில் மாட்டினாள். “நான் இங்கதானே இருப்பேன்.”