ஞானசுந்தரி கிழிக்காத ஸ்டிக்கர்

கோலார் தங்கச் சுரங்க ஊரின் ஸ்கெலட்டன் பகுதியில் இருக்கும் ஞானசுந்தரி ஒன்பது ஆண்டுகள் ரயிலில் பெங்களூர் போய் வந்து வேலை பார்த்தவர். மின்சாதனங்கள் விற்கும் ஒரு கம்பெனியில், பழுதாகி வரும் பொருளுக்கு வாரண்டி உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் பிரிவு. பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதை அவர் நன்றாகவே சொன்னார். இரண்டு முறை சிறந்த ஊழியர் விருது கொடுத்தார்கள்.

கொரோனா சமயத்தில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில் அவர் கல்யாண வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டு, அதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குள் மூன்று ஃபேன் வைத்த கிராபிக்ஸ் கார்டு இருந்தது. மூன்று மணி நேரக் கல்யாணத்தைக் கோத்து முடித்து ஒரே வீடியோவாக மாற்றும்போது கார்டு சூடாகும், ஃபேன்கள் சுற்றும். அது அவருக்கு ஒரு தொந்தரவாகத் தெரியவில்லை. அவருடைய கணவர் சைலஸுக்குத்தான் தெரிந்தது.

சைலஸ் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். அந்த வாரம் பகலில் பக்கத்து அறையில் படுப்பார். வீட்டின் நடுச்சுவர் கூரைவரை எட்டாது.

"சத்தம்கூட பரவால்ல ஞானம்," என்றார் ஒரு மத்தியானம் எழுந்து வந்து. "ஓடுறதும் நிக்கிறதுமா இருக்குதே, அதான். நின்னுதுன்னா எப்போ திரும்ப ஓடும்னு காத்துகினு படுத்திருக்கேன்."

அவர் சொன்னது சரி. ஐம்பது டிகிரிவரை ஃபேன்கள் அசையாது. அதைத் தாண்டியதும் மூன்றும் ஒன்றாகக் கிளம்பும். சூடு இறங்கியதும் நிற்கும். கார்டு கம்பெனியில் அப்படித்தான் அமைத்து அனுப்பியிருந்தார்கள்.

சைலஸின் தம்பி ரூபேஷ் ராபர்ட்சன்பேட்டையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். விஷயம் கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை ஸ்குரூடிரைவருடன் வந்தார்.

"நாலு ஸ்குரூதான் அண்ணி. கழட்டி உள்ள சூடு இழுக்குற பேஸ்ட் மாத்தி, ஃபேன் ஒயர்ல வேகத்த குறைக்க சின்னதா ஒண்ணு சேத்துட்டா மூச்சுகூட வராது."

கார்டின் நான்கு ஸ்குரூவில் ஒன்றின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஞானசுந்தரி அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டார்.

"இது கிழிஞ்சா வாரண்டி போச்சு."

"யாருக்குத் தெரியப் போவுது? ஹேர் டிரையர்ல சூடு காட்டுனா முழுசா வந்துடும். அப்புறம் திரும்ப ஒட்டிடலாம்."

"எனக்குத் தெரியும். சூடு காட்டுனது, பிளேடு போட்டது, எல்லாம் ஃபோட்டோல பாத்தவ நான். சூடு காட்டுனா ஓரம் சுருங்கும்."

ரூபேஷ் டீ குடித்துவிட்டுப் போனார்.

ஞானசுந்தரிக்கு அன்று, வேலையில் இருந்தபோது சிந்தாமணியிலிருந்து போன் செய்த ஒருவரின் நினைவு வந்தது. அவருடைய டிவியின் பின்பக்க ஸ்குரூவில் ஒரு கீறல். தூசிதான் தட்டினேன் என்றார் அவர். ஞானசுந்தரி விதியை வாசித்து, வாரண்டி இல்லை என்றார். "சரிம்மா, நீங்க உங்க வேலைய பாக்குறீங்க," என்று சொல்லிவிட்டு அவரே போனை வைத்தார். கத்தியவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள், ஒருவர்கூட மனதில் நிற்கவில்லை. இவர் மட்டும் நின்றுவிட்டார்.

மறுநாள் கார்டின் வாரண்டித் தாளைப் பதினோரு பக்கமும் படித்தார். திறக்கக் கூடாது, மின்னழுத்தத்தைக் கூட்டக் கூடாது என்று இருந்தது. ஃபேன் வேகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதாத விஷயம் எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்குத் தெரியும். கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினார்: உங்கள் கம்பெனி சாஃப்ட்வேரிலேயே ஃபேன் வேகத்தை மட்டும் மாற்றினால் வாரண்டி இருக்குமா, ஆம் அல்லது இல்லை என்று எழுதவும். ஒன்பது நாள் கழித்து 'ஆம்' என்று பதில் வந்தது. கோலாருக்கு வேறு வேலையாகப் போனபோது அதை இரண்டு பிரதி எடுத்து வந்தார். அதுவரை அவர் எதையும் தொடவில்லை.

முதல் முயற்சி தோல்வி. சைலஸ் தூங்கட்டும் என்று வேகத்தை ரொம்பவும் குறைத்துவிட்டார். இருபது நிமிடத்தில் சூடு எண்பத்தேழு டிகிரியைத் தொட்டது. கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே மெதுவானது. ஒரு மணி நேர வேலை இரண்டரை மணி நேரம் இழுத்தது.

அடுத்த நாள் ஃபேன்கள் நிற்பதையே நிறுத்தினார். எப்போதும் முப்பது சதவீதத்தில் மெல்ல ஓடும். அறுபது டிகிரியில் நாற்பது, எழுபத்தைந்தில் அறுபது. எண்பத்து மூன்றைத் தாண்டினால் முழு வேகம். சுவரோடு ஒட்டியிருந்த பெட்டியை ஒரு முழம் முன்னால் இழுத்தார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு முன்பக்க வலையைப் பிரஷ்ஷால் துடைத்தார். காற்றுக்காலத்தில், தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வரும் மண் அதில் மாவுபோலப் படிந்திருந்தது. சூடு எழுபத்திரண்டில் நின்றது.

சைலஸ் உள்ளிருந்து கேட்டார். "இப்ப ஓடுதா?"

"ஓடுது."

"நிக்குமா?"

"நிக்காது."

"சரி." திரும்பிப் படுத்து நான்கு மணிவரை தூங்கினார்.

ஐந்து மாதம் கழித்து நடு ஃபேன் டக் டக் என்று தட்ட ஆரம்பித்தது. ஞானசுந்தரி சத்தத்தை வீடியோ எடுத்து, ஸ்டிக்கரை நான்கு கோணத்தில் படம் எடுத்து அனுப்பினார். கம்பெனியிலிருந்து பிரதாப் என்பவர் பேசினார். ஆங்கிலத்தில் தொடங்கியவர், இவர் பெயரைச் சரிபார்த்ததும் தமிழுக்கு வந்தார்.

"ஃபேன் செட்டிங் மாத்துனீங்களா மேடம்?"

"மாத்துனேன்."

"அப்ப அது கஸ்டமர் தரப்பு மாற்றம் மேடம். வாரண்டில வராது."

"உங்க கம்பெனி வரும்னு எழுதிக் குடுத்திருக்குது. தேதியும் நம்பரும் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

சொன்னார். தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"மேடம், நீங்க வக்கீலா?"

"இல்லப்பா. உன் சீட்டு மாதிரி ஒரு சீட்டுல ஒன்பது வருஷம் இருந்தவ."

"எப்டி மேடம் ஒன்பது வருஷம்?" என்றார் பிரதாப். உண்மையாகவே கேட்டதுபோல் இருந்தது.

"ரயிலுக்கு நேரமாயிடும். யோசிக்க மாட்டேன்," என்றார் ஞானசுந்தரி.

பதினெட்டு நாளில் வேறு கார்டு வந்தது. அதே மாடல் இல்லை. இதன் ஃபேன்கள் இன்னும் சத்தம். இதிலும் ஃபேன் வேகத்தை மாற்றலாமா என்று ஞானசுந்தரி மறுபடி மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். அந்த வாரம் சைலஸுக்கு நல்லவேளையாகப் பகல் ஷிஃப்ட்.

விஷயம் தெருவில் பரவியது. சர்ச் முடிந்து வெளியே வந்தால் யாராவது வாரண்டி அட்டையுடன் நிற்பார்கள். எதிர்வீட்டுப் பார்வதம்மா மிக்ஸியையே தூக்கிக்கொண்டு வந்தார். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், முன்பு பழுதுபார்க்கக் கொடுத்தபோது ரூபேஷ் கழற்றிய தடம் தெளிவாகத் தெரிந்தது.

"கிடைக்காதும்மா," என்றார் ஞானசுந்தரி. "ஆனா எழுதிப் பாப்போம். நடந்தத அப்டியே எழுதலாம்."

இருவரும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார்கள். மிக்ஸி கம்பெனி மூன்று வரியில் மறுத்தது. ஞானசுந்தரி அந்த மூன்று வரியைப் படித்துவிட்டு, இரண்டாவது வரியில் தப்பு இருப்பதாகச் சொல்லி, பேனாவை எடுத்தார்.