வெட்டத் தெரியாதவன் விற்ற அரிவாள்

துணிக்கடையில் நிற்பவனிடம் யாரும் சேலையைக் கட்டிக்கொண்டு நடந்து காட்டச் சொல்வதில்லை. அரிவாள் விற்கிறவனிடம் மட்டும்தான் "எங்க, வெட்டிக் காட்டு" என்பார்கள். கடையில் நின்று கால் கடுத்த அன்பர்களே, உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? தெரியாத சாமானைத் தெரிந்த மாதிரி விற்பதுதானே நம் பிழைப்பு. நீங்கள் எல்லாம் கமுக்கமாகத் தப்பித்துவிட்டீர்கள். நான் நடுக் கடைவீதியில் மாட்டிக்கொண்டேன்.

ஒரு சின்னப் பொய்

ஐம்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஓர் இரும்புக் கடையில் வேலைக்குப் போனேன். மண்வெட்டி, கடப்பாரை, ஆணி எல்லாம் உண்டு. ஆனாலும் விறகு வெட்டும் அரிவாளுக்குத்தான் அந்தக் கடைக்குப் பேர். என் அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார். எங்கள் வீட்டுக்கு விறகு பிளந்தேதான் வரும். நான் அதுவரை கையில் பிடித்த பெரிய ஆயுதம் பென்சில் சீவும் பிளேடு. அச்சாபீசில் ஆறு மாதம், பூட்டுக் கடையில் எட்டு மாதம் என்று இரண்டு இடத்தில் நிலைக்காமல் வந்திருந்தேன். "இதுவும் போச்சுன்னா வீட்டுப் படி ஏறாதே" என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

முதலாளிக்குக் கம்பீரமான மீசை. "வெட்டிப் பழக்கமில்லாதவன நான் அருவாப் பக்கமே நிக்க விடுறதில்ல. ஒனக்குப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். சின்ன வயசிலிருந்தே உண்டு என்றேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் அழுத்தியும் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்: "வெட்டுன கைதான். பாத்தாலே தெரியுதே. நானும் வெட்டி வளந்தவன்ல!"

ஓடினார், துரத்தினேன்

முதல் வாரம் ஒருவர் வந்து நல்ல வெட்டரிவாளாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொன்னார். காசைக் கொடுத்துவிட்டார். நான் அரிவாளை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினேன். மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கூச்சப்படுகிறார் என்று நினைத்து இன்னும் கிட்டே நீட்டினேன். ஓரடி பின்னால் போனார். வாங்கிய சாமானை விட்டுவிட்டுப் போகிறாரே என்ற பதைப்பில் நானும் கடையை விட்டு இறங்கினேன்.

அவர் வேகமாக நடந்தார், நானும் நடந்தேன். அவர் ஓடினார், நானும் அரிவாளோடு ஓடினேன். வெற்றிலைக் கடைக்காரர் கடைக்குள் குனிந்துகொண்டார். மாவு மில் வாசலில் நின்ற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு அலறினார்கள். பத்துக் கடை தாண்டி மூச்சு வாங்க நின்றவர், கையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு கெஞ்சினார்: "அப்பு, அதத் தரையில வையி, நான் எடுத்துக்கிறேன். கையோட கை அருவா வாங்குனா பகை வந்துரும். ஒனக்கும் எனக்கும் எதுக்குய்யா பகை?"

இரவல் ஞானம்

அப்புறம் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு வாடிக்கையாளர் சொல்வதைக் காதில் வாங்கி, அடுத்தவரிடம் என் சொந்தச் சரக்காகச் சொல்லிவிடுவது. குஜிலியம்பாறைப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்து, காய்ந்த கருவேலுக்கு மூக்குக் கனத்த அரிவாள்தான் சரி, கையை ஓங்கினால் மிச்சத்தை எடையே பார்த்துக்கொள்ளும் என்றார். அருமையான பேச்சு! அவர் தலை மறைவதற்குள் வந்து நின்ற சிறுமலைக்காரரிடம் அப்படியே ஒப்பித்து, இருப்பதிலேயே கனமானதைத் தூக்கி வைத்தேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "மெளகுக் கொடிக்கு நெழல் கழிக்க மரத்துல ஏறணும் தம்பி. இம்புட்டுக் கனத்தத் தூக்கிக்கிட்டு ஏறுனா, கெளைக்கு முன்னாடி நான்ல கீழ வருவேன்!"

இன்னொரு நாள் நெற்றி நிறைய நாமத்தோடு ஒரு பெரியவர் வந்தார். ஒவ்வோர் அரிவாளாக எடுத்து, விரலால் சுண்டி, காதருகே வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். அரை மணி நேரம் கழித்துப் பளபளவென்று இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டார். அவர் நடையும் தோரணையும் பார்த்து நான் அசந்துபோனேன். என்ன சூட்சுமம் என்று கேட்டேன். பெரியவர் மனம் கனிந்து சொன்னார்: "சத்தம் கணீர்னு இருக்கணும். அம்புட்டுத்தான்!"

வாசலில் ஒரு புளியங்கட்டை

எங்கள் கடை வாசலில் எப்போதும் ஒரு பெரிய புளியங்கட்டை கிடக்கும். வாங்குகிறவர்கள் வெட்டிப் பார்த்து வாங்கட்டும் என்பது முதலாளியின் தாராளம். நான் புல்லரித்துப் போயிருந்தேன். ஆனால் சாயங்காலமானால் முதலாளி வீட்டு வண்டி வரும். பிளந்ததெல்லாம் அவர் வீட்டு அடுப்புக்குப் போகும். மறுநாள் காலையில் புதுக் கட்டை வந்து உட்காரும். அவர் மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் வாசலில் ஒன்றுக்கு மூன்று கட்டைகள் கிடந்தன.

அந்தச் சமயம் பார்த்து ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தோட்டக்காரர் வந்து சேர்ந்தார். நல்ல தோள். முதலாளி அவரை விடவே இல்லை. "அது கெடக்கு, இதப் பாருங்க. இதுவும் கெடக்கு, அதப் பாருங்க" என்று ஏழு அரிவாள் கைமாற்றினார். நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றேன். மூன்று கட்டையும் சிராயாகிக் கிடந்தபோது மனிதர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஏனுங்க, நா அருவா வாங்க வந்தனுங்களா, இல்ல உங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு வெறகு பொளக்க வந்தனுங்களா?"

சின்னப்பொண்ணு வந்தார்

மறுநாள் வாசலில் கட்டை இல்லை. எல்லாம் கல்யாண வீட்டுக்குப் போயாகிவிட்டது. அன்றைக்கென்று சின்னப்பொண்ணு வந்தார். சிறுமலை அடிவாரத்தில் காய்ந்த விறகு வெட்டி, தலைச்சுமையாக டவுனுக்குக் கொண்டுவந்து விற்கிறவர். நாற்பது வயசிருக்கும். பழைய அரிவாள் தேய்ந்து கத்தி மாதிரி ஆகிவிட்டதாம். அடுக்கிலிருந்து ஒரு கறுத்த அரிவாளை எடுத்தார். சுத்தியல் தழும்பு கூட மாறாதது. நாங்கள் அதை முன்வரிசையில் வைப்பதே இல்லை. வெட்டிப் பார்க்கக் கட்டை எங்கே என்று கேட்டார்.

எனக்கு இரவல் ஞானம் பொங்கியது. "அத வைங்கக்கா, இதக் கேளுங்க" என்று பளபளப்பான ஒன்றைச் சுண்டிக் காட்டினேன். கணீர் என்றது. கறுப்பைச் சுண்டினேன். டொக்கு என்றது. அவருக்கு மனசில்லை. உசிலங்கட்டைக்கும் வேலங்கட்டைக்கும் இது தாங்குமா, இது போனால் தனக்கு அன்றைய பாடு இல்லை என்று இரண்டு தடவை கேட்டார். ஆயுசுக்கும் தாங்கும் என்றேன். பலகையில் நான் வைத்ததை எடுத்துக்கொண்டு, கிளம்பும்போது சொன்னார்: "எனக்கு மனசு ஒப்பல. ஒன் வார்த்தைய நம்பித்தான் எடுக்குறேன் தம்பி."

வாய் உதிர்ந்தது

நாலாம் நாள் திரும்பி வந்தார். அரிவாளைப் பலகையில் வைத்தார். வெட்டுகிற வாய் முழுக்க எலி கரண்டிய தேங்காய்ச் சில்லு மாதிரி இருந்தது. உலையில் பதம் மீறிப்போன இரும்புதான் அப்படி மணியடிக்குமாம். காய்ந்த கட்டையில் பட்டால் உதிர்ந்துவிடுமாம். இரண்டு நாளாகச் சுமை இல்லை. இரவல் கேட்டாலும் யாரும் அரிவாள் தரமாட்டார்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. (கணீர்ப் பெரியவர் பஜனையில் ஜால்ரா போடுகிறவர் என்பதைப் பக்கத்துக் கடைக்காரர் அப்புறம்தான் சொன்னார்.)

முதலாளி சுவரைக் காட்டினார். விற்ற சரக்கு திரும்ப வாங்கப்படாது என்று அங்கே எழுதியிருந்தது. "சரக்குல குத்தமில்லம்மா, வெட்டுன கைலதான் குத்தம். நான் வெட்டி வளந்தவன், எனக்குத் தெரியும்" என்றார். சின்னப்பொண்ணு சத்தம் போடவில்லை. வாசலில் புதிதாக வந்து கிடந்த கட்டையைக் காட்டி, இதே மாதிரிப் புதுசு ஒன்றை எடுத்து ஒரு போடு போடுங்கள், வாய் உதிராமல் நின்றால் பேசாமல் போகிறேன் என்றார். கூட்டம் கூடிவிட்டது. முதலாளி என்னைப் பார்த்து, "வெட்டிக் காட்டுறா" என்றார்.

முதல் போடு பக்கவாட்டில் பட்டு, அரிவாள் துள்ளித் தெருவில் விழுந்தது. இரண்டாவது கட்டையில் சிக்கிக்கொண்டது. காலை வைத்து மிதித்து இழுத்தேன். பிடி மட்டும் கையோடு வர, மல்லாக்க விழுந்தேன். எழுந்திருக்கும்போதே சொல்லிவிட்டேன்: "எனக்கு வெட்டவே தெரியாது முதலாளி. பொய் சொல்லித்தான் சேர்ந்தேன். அக்காவுக்குத் தெரிஞ்சு எடுத்ததைப் பிடுங்கி நான்தான் இதைக் கொடுத்தேன்." முதலாளிக்கு மீசை துடித்தது. "எறங்குடா கடைய விட்டு!" என்றார். ஒரு காலைச் செருப்பில் விட்டேன். வீட்டுப் படியில் அப்பா நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"அந்தத் தம்பி கெடக்கட்டும்யா" என்றார் சின்னப்பொண்ணு. "நீங்க வெட்டி வளந்தவருல்ல? நீங்க ஒரு போடு போடுங்க." முதலாளி தெருவைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு புது அரிவாளை எடுத்து இரண்டு கையாலும் ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. வாய்ப்பக்கம் அவர் நெற்றியைப் பார்த்து இருந்தது, முதுகுப்பக்கம் கட்டையைப் பார்த்து இருந்தது. எனக்குக் கூட அந்த அளவுக்குத் தெரிந்திருந்தது.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. முதலாளி அரிவாளை மெதுவாக இறக்கிப் பலகையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "டேய், அந்தம்மாவுக்கு எது வேணுமோ எடுத்துக்கச் சொல்லு" என்றார். நான் செருப்பிலிருந்து காலை எடுத்துக்கொண்டேன். சின்னப்பொண்ணு நேரே போய் அந்தக் கறுப்பு அரிவாளை எடுத்தார். ஒரே போடு. கட்டை இரண்டாக விலகியது. வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டு, எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து ஒரு சுள்ளி பொளக்க மாட்டீக. இம்புட்டு அருவாள வச்சுக்கிட்டு என்னய்யா பண்றீக?"

அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் அதே கடையில் நின்று, எடுக்கிறவர் கை எதை எடுக்கிறதோ அதையே "அருமையான சரக்கு" என்று சொல்லி நல்ல பேர் வாங்கினேன் என்றாலும், கல்யாணமான நாள் முதல் என் வீட்டில் எரிவது மண்ணெண்ணெய் அடுப்புதான்.