முதல் பந்தி கேட்ட தாய்மாமன்

எழுபதுகளின் நடுவில், பெரியபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தபோது நடந்தது இது. எனக்கு இரண்டாவது பிரசவம். வீட்டிலேயே சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது.

எங்கள் குடும்பத்தில் எல்லாருமே நல்ல கறுப்பு. இவளோ மறுநாளே மஞ்சளாக மின்னினாள். பெண் குழந்தையாயிற்றே என்று மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டியதில், பூசின மஞ்சள் எது, உடம்பு மஞ்சள் எது என்றே தெரியவில்லை. "நம்ம வம்சத்துல இப்டி ஒரு தங்க நெறம் யாருக்குடி கீது?" என்று மாமியார் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. கடம்பத்தூரிலிருந்து பார்க்க வந்த நாத்தனார்தான், குழந்தை கண் திறந்ததும் அலறினாள். "இன்னா அண்ணி இது, கண்ணும் மஞ்சளா கீதே!"

அள்ளிக்கொண்டு சென்னைக்கு ஓடினோம். டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு விளக்கினார். என் ரத்தம் நெகட்டிவ், கணவருடையது பாசிட்டிவ், குழந்தைக்கும் அப்பாவைப் போலவே பாசிட்டிவ். முதல் பிள்ளை தப்பித்துவிடுமாம்; அடுத்த பிள்ளையின் ரத்தத்தை அம்மாவின் ரத்தமே எதிரியாக நினைத்து அழிக்குமாம். உடனே குழந்தையின் ரத்தத்தை மாற்றாவிட்டால் பிழைக்காது. அதற்கு நெகட்டிவ் ரத்தம் வேண்டும், கையிருப்பில் இல்லை. பெற்ற நானே குழந்தைக்கு எமனா என்று கதறினேன். கூடப் பிறந்தவர்களுக்கு அதே ரத்தம் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

எனக்கு ஒரே ஒரு தம்பி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் நெல் பயிரிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் என் கணவருக்கும் பேச்சே கிடையாது. மூத்தவனை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமனை, அன்றைய கும்பலில் முதல் பந்தியில் உட்கார வைக்க மறந்துவிட்டோம். இனி உங்கள் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சாப்பிடாமலே போனவன் அவன்.

என் கணவரும் லேசுப்பட்டவர் இல்லை, பெரிய ரோஷக்காரர். அன்று ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ரயிலேறினார். விஷயத்தைக் கேட்டதும் தம்பி சேற்றுக் காலோடு கரையேறினானாம். "உங்க ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். ஆஸ்பத்திரி இன்னா உங்க ஊடா மாமா? நடங்க."

அவன் ரத்தம் நெகட்டிவாகவே இருந்தது, குழந்தைக்கும் சேர்ந்தது. மிரண்ட மாட்டையே அடக்குகிறவன், ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பெரியபாளையத்தம்மனைக் கூப்பிட்டான். மறுநாள், குழந்தை தேறிவிட்டாள் என்று டாக்டரம்மா சொன்னதும் அவன் என் கணவரைத்தான் பார்த்தான். "இப்பவாச்சும் மொத பந்தி உண்டா மாமா?" அழுதுகொண்டிருந்த எல்லாரும் சிரித்துவிட்டோம்.

அதன் பிறகு மகள் கல்யாணம் வரை எங்கள் வீட்டு விசேஷங்களில் முதல் இலை அவனுக்குத்தான். அவள் எதற்காவது விட்டுக்கொடுக்காமல் நின்றால், "என் ரத்தமாச்சே!" என்று மீசையை முறுக்குவான். கொடுத்த ரத்தம் சில மாதங்களில் உடம்பை விட்டுப் போய்விடும் என்று டாக்டரம்மா அன்றே சொல்லியிருந்தார். அதை இன்றுவரை நாங்கள் யாரும் அவனிடம் சொன்னதில்லை. மாமனும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம், டாக்டரம்மா சொன்னதுதான் தப்போ என்று எனக்கே தோன்றிவிடுகிறது.