கரையான் தின்ற கடைசி ஏடு

மருமகள் தன் புது வேதாகமத்தில் பூச்சி வராமலிருக்க வேப்பிலை வைத்திருந்தாள். அந்தக் காய்ந்த மணம் பட்டதுமே, இன்று லாரிப் பட்டறை நிற்கிற இடத்தில் அன்றிருந்த எங்கள் ஜெபக் கொட்டகைக்குப் போய்விட்டேன்: சாணி மெழுகிய தரை, காற்றில் சரசரக்கும் பனையோலைக் கூரை, வெளியே வேம்பில் கட்டிய எங்கள் எருமையின் கழுத்து மணி. உபதேசியார் நாமக்கல்லிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில், மூன்றாவது படித்த நான்தான் தலையைத் தூக்காமல் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். வேதத்தின் கடைசி ஏடுகளைக் கரையான் தின்றிருந்தது.

தம்பி பிறந்த சூட்டோடு இறந்த வருஷம், அம்மா என்னிடம் கேட்டாள்: "ஏஞ்சாமி, மொதல்ல தோட்டத்துல இருந்த, தின்னா சாவே இல்லாத சீவ மரத்துக்கிட்ட மனுசன் போகாம ஆண்டவரு அடைச்சாருல்ல, அப்புறம் அது என்னாச்சு?"

கதை முடிகிற ஏடே இல்லை என்றேன்.

எங்களோடு கிறிஸ்தவத்துக்கு வராத அத்தை வாசலில் நின்று சிரித்தாள். "ஏனுங்க அண்ணி, உங்க சாமி கதையக் கரையானே முடிச்சிருச்சுங்களா?"

அம்மா அசரவில்லை. "நட்டவரு சும்மா உட்ருவாராக்கும்? கடைசில தொறந்து உடுவாரு. எம் பையனும் அந்த நெழல்ல இருப்பான், பாரு."

உபதேசியார் வந்தபோது தம் வேதாகமத்தைத் தந்து, கடைசி ஏட்டை என்னையே வாசிக்கச் சொன்னார். அதில் ஆற்றின் இரு கரையிலும் அந்த மரம் நின்றது, மாதந்தோறும் காய்த்தது, மனுஷர் அதன் பக்கம் போகலாம் என்றும் இருந்தது. என் குரல் அன்றுதான் உரக்க வந்தது.

"அதான் சொன்னனே" என்று அம்மா எருமையை அவிழ்க்கப் போனாள்.