காரம் என்று பேர் வாங்கிய மாப்பிள்ளை

என் தங்கை புருஷன் முடிவெட்டுகிறவன். குத்துச்சண்டைக் கூடங்களில் போய் அவன் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. காரம் எங்கே என்று கேட்டால் வாசலில் உட்கார்ந்திருக்கிறவனே எழுந்து கையைக் காட்டுவான். அந்தப் பெயரை அவன் சும்மா வாங்கவில்லை. ரத்தம் சிந்தி வாங்கினான், அதுவும் அடுத்தவர் ரத்தம்.

அவன் சலூனுக்கும் என் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். நான் கிரைண்டரை ஓட்டினால் அங்கே கத்தி நின்றுவிடும். "கஸ்டமர் காது அறுந்தா நீதான் வந்து பத்த வைக்கணும் மச்சான்" என்று சுவரைத் தட்டுவான். பதிலுக்கு நானும் சுத்தியலால் தட்டுவேன். இதுதான் எங்களுக்குள் டெலிபோன்.

கண்ணாடிக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கல் வைத்திருப்பான், சோப்புக்கட்டி அளவுக்கு. சவரம் முடிந்ததும் அதைத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் தேய்ப்பான். கத்தி பட்ட இடம் சுருக்கென்று இழுத்துக்கொண்டு ரத்தம் நிற்கும். எல்லாச் சலூனிலும் இருக்கிற கல்தான். மற்றவர்கள் தேய்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். இவனுக்கு அதன் பெயர்மேல் பித்து. ஒருவர் முகம் முழுக்க நுரை போட்டு வாயை அடைத்தபிறகு, "இதுக்கு உங்க வீட்டுல என்ன பேரு சொல்வாங்க?" என்று கேட்பான். அந்த மனிதர் நுரையைத் துப்பிக்கொண்டே பதில் சொல்லவேண்டும். முக்கால்வாசிப் பேர் படிகாரம் என்றார்கள். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் சீனாக்காரம் என்றார், அந்தக் காலத்தில் சீனாவிலிருந்து வந்த சரக்காம். மருந்துக்கடைக்காரர் ஆலம் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

அவனை முழுசாகக் கெடுத்தது ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர். படிகம் என்றால் கண்ணாடி போலத் தெளிந்த கல், காரம் என்பது மிளகாய்க்கு மட்டும் உள்ள பெயர் அல்ல, கடித்துப் பிடிக்கிற உப்பு வகைகளுக்கும் அதுதான் பெயர், இரண்டும் சேர்ந்துதான் படிகாரம் ஆகியிருக்கும் என்பது அவர் சொன்ன கணக்கு. மாப்பிள்ளை கத்தியும் கையுமாக என் பட்டறைக்குள் ஓடி வந்தான்.

"மச்சான், நீ பித்தளை ஒட்டும்போது தூவுறியே வெங்காரம், அதுவும் என் கல்லும் ஒரே குடும்பமாம்."

"உள்ள ஒருத்தரு பாதி தாடியோட உக்காந்திருக்காரு. முதல்ல அவர அனுப்பு."

"உன் சரக்கும் என் சரக்கும் சொந்தம்னு சொல்றேன், நீ தாடியப் பத்திப் பேசுற. கொண்டான் கொடுத்தான் நாம மட்டும் இல்ல மச்சான், நம்ம டப்பாவுல இருக்கறதும்தான்."

அடுத்த வாரம் அவனும் வாத்தியாரும் அந்தக் கல்லின் துவர்ப்புக்குப் போய்விட்டார்கள். நாக்கைச் சுருக்குகிற அந்தச் சுவையும், உலர்வதற்குப் பழைய பேச்சில் இருந்த துவர்தல் என்ற சொல்லும், குளித்துவிட்டுத் தலை துவட்டுகிறோமே அந்தத் துவட்டலும் ஒரே கொடியில் காய்த்தவை என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். நான் அகராதியைப் புரட்டிப் பார்த்தவன் இல்லை. அவர் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். மாப்பிள்ளை அன்றைக்கு வெட்டிய தலையைவிட விட்ட கதை அதிகம்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு வேலை வந்ததே என் தங்கையால்தான்.

அவள் சலவை ஆலையில் ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கித் தோள் உரமேறியவள். முதுகுவலிக்கு உடற்பயிற்சி செய் என்று யாரோ சொல்ல, ஆலைக்குப் பின்னால் இருந்த குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போனாள். முதுகுவலி போயிற்று, அவள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள். முப்பது தாண்டி ஆரம்பித்தவள் இரண்டே வருஷத்தில் நகரப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்தாள். கை இடி மாதிரி இறங்கும். ஒரே ஒரு குறை, இடது புருவத்துக்கு மேலே தோல் வெங்காயச் சருகு. அடி லேசாகப் பட்டாலே கிழியும். ரத்தம் கண்ணில் இறங்கினால் டாக்டர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார், அது விதி. முதல் இறுதிப் போட்டி அப்படித்தான் போயிற்று. கூடத்து ஆள் ஐஸ் வைத்துப் பார்த்தான், நிற்கவில்லை.

மறுவருஷமும் இறுதிக்கு வந்தாள். இந்தத் தடவை மாப்பிள்ளை கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுற்றுக்கு நடுவில் அவள் வந்து உட்காரும் மேடை மூலைக்குத் தானே போனான். புருவம் கிழிந்தது. இவன் சலூனில் செய்கிற மாதிரியே கல்லைத் தண்ணீரில் நனைத்துக் காயத்தில் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கக் காயம் வாயைப் பிளந்தது. கரைந்த தண்ணீர் கண்ணுக்குள் இறங்கியது. எழுந்து போனவள் எதிராளியை விட்டுவிட்டு மேடைக் கம்பத்தைப் பார்த்துக் கையை ஓங்கினாள். டாக்டர் நிறுத்திவிட்டார்.

"என்னை எவளும் சாய்க்கலண்ணே. போன வருஷம் என் தோலு சாய்ச்சுது, இந்த வருஷம் என் வீட்டுக்காரரு" என்றாள் என்னிடம். ஒரு வாரம் அவர்கள் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசிக்கொண்டன.

அந்த வாரக் கடைசியில் அவன் சுவரைத் தட்டவில்லை, நேரே வந்தான். கண்ணில் ஒரு வெறி.

"துவட்டணும் மச்சான். முதல்ல நல்லா துவட்டணும். வாத்தியாரு சொல்லும்போதே எனக்கு உறைச்சிருக்கணும், நான் பேர மட்டும் புடிச்சுக்கிட்டு ஈரத்தோட போனேன் பாரு. காஞ்ச துணிய வச்சு அமுக்கணும், தேய்க்கவே கூடாது. அப்புறம் தூள், தூளுக்கு மேல வாசலின். தலை நிமிர்ந்து இருக்கணும், பின்னால சாயக் கூடாது."

"இத என் தங்கச்சிகிட்ட போய்ச் சொல்லு."

"சொன்னேன். ஊருல இருக்கற மூக்கையெல்லாம் அடைச்சுப் பழகிட்டு அப்புறம் என் பக்கத்துல வாங்கன்னுட்டா."

போனான். கல்லை இடித்துத் துணியில் சலித்து, ஒரு தகர டப்பாவில் அடைத்துக்கொண்டு, கடை மூடிய பிறகு கூடம் கூடமாகப் போனான். மூக்கு, உதடு, புருவம் என்று எவனுக்கு எங்கே கிழிந்தாலும் இவன் போய் நிற்பான். இடைவேளை ஒரு நிமிஷம்தான், அதற்குள் ரத்தத்தைக் கட்டவேண்டும். முதலில் சிரித்தார்கள். அப்புறம் காயம் பட்டவன் நாற்காலியில் உட்காரும் முன்பே "காரம் எங்கப்பா, காரம்" என்று கத்த ஆரம்பித்தார்கள். டப்பாவின் பெயர் மனிதன்மேல் ஏறிக்கொண்டது.

மூன்றாவது தடவையும் அவள் இறுதிப் போட்டிக்கு வந்தாள். அதுதான் கடைசி. வயது முப்பத்தைந்து முடிந்தால் குத்துச்சண்டைச் சங்கத்தில் அனுமதி கிடையாது, அடுத்த போட்டிக்குள் அவளுக்கு அது முடிந்துவிடும். அவள் கேட்டது ஒன்றுதான். கடைசி மணி அடிக்கிறவரைக்கும் நிற்க விடவேண்டும். ஜெயிப்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.

எதிராளி பஸ் ஓட்டுகிற பெண், நெட்டை, கை நீளம். ஆறு சுற்று ஆட்டம். தகரக் கூரை போட்ட அரங்கம், உள்ளே இட்லிச் சட்டி மாதிரி வெந்துகொண்டிருந்தது. மூலையில் நாங்கள் இரண்டு பேர்தான். எப்போதும் முகம் துடைத்து, தண்ணீர் கொடுக்கிற பயிற்சியாளரை மாப்பிள்ளை படிக்குக் கீழே நிற்கச் சொல்லிவிட்டான். "எம் பொண்டாட்டிக்கு எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்" என்றான். எனக்கு வாளி.

நெட்டைக்கு விஷயம் தெரிந்திருந்தது. முதல் மணியிலிருந்தே அவள் குறி புருவம்தான். மூன்றாவது சுற்றில் கிழித்துவிட்டாள். தங்கை வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை குனிந்தான். காய்ந்த துணியை வைத்து அமுக்கினான், பஞ்சுக்குச்சியில் தூளைத் தொட்டுக் காயத்துக்குள் வைத்துப் பிடித்தான், மேலே வாசலினை அப்பினான். எழுந்து போனாள். நான்காவது சுற்று முழுக்க அந்தப் புருவத்தில் நாலைந்து குத்து விழுந்தது. ஒரு சொட்டு வரவில்லை. எனக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

நான்காவது சுற்று முடிந்த இடைவேளையில்தான் வினை. மறுபடி தூள் வைத்தான், வாசலின் போட்டான், நேரம் மிச்சம் இருந்தது. தோளில் ஈரத் துண்டு கிடந்தது. சலூனில் சவரம் முடிந்தால் கடைசி வேலை என்ன? ஈரத் துண்டால் முகத்தை ஒரு துடை துடைத்துப் பளிச்சென்று அனுப்புவது. இருபது வருஷத்துக் கை அது, அவனைக் கேட்கவில்லை. தாடையில் ஆரம்பித்து நெற்றிவரை ஒரே இழுப்பு. தூள், வாசலின், கட்டிய ரத்தம் எல்லாம் துண்டோடு வந்துவிட்டது.

அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். மணி அடித்துவிட்டது.

ஐந்தாவது சுற்று அவள் ஒற்றைக் கண்ணோடு ஆடினாள். பாதி முகம் சிவப்பு. அடிக்கிற நேரத்தைவிடக் கையுறையால் கண்ணைத் துடைக்கிற நேரம் அதிகமாயிற்று. சுற்று முடிந்ததும் டாக்டர் படியேறி வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நல்ல மனுஷி, அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"கண்ணு முக்கியம்மா. மணி அடிக்கும்போது வந்து பாப்பேன். ரத்தம் நிக்கலன்னா நிறுத்திடுவேன்."

மாப்பிள்ளைக்கு முகம் வெளிறிப் போயிருந்தது. அவன் கை மறுபடி தோளுக்குப் போயிற்று. பதற்றத்தில் கை தெரிந்த வேலையைத்தானே தேடும். தங்கை அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தபடியே ஒரு குத்து விட்டாள். ஈரத் துண்டு பறந்து போய் மேடை நடுவில் விழுந்தது.

மூலையிலிருந்து துண்டு மேடையில் விழுந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நடுவர் வேகமாக வந்தார்.

"என்ன, விட்டுக்கொடுக்கறீங்களா?"

"யாரு விட்டுக்கொடுத்தா? அது நான் குத்துனது."

"துண்ட எதுக்கும்மா குத்துற?"

"எம் புருஷனக் குத்தறதுக்கு நேரமில்லைங்க. ஒரு நிமிஷம்தானே குடுத்திருக்கீங்க."

முதல் வரிசை சிரித்தது. நடுவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு, துண்டைக் கொண்டுவந்து எங்கள் கயிற்றின்மேலேயே போட்டுவிட்டுப் போனார். ஆனால் இந்தப் பேச்சில் பாதி நேரம் கரைந்துவிட்டது. துண்டு மாப்பிள்ளையின் இடது கைக்குப் பக்கத்திலேயே தொங்கியது.

"மச்சான், வாளிய வை. என் இடது கையப் புடி. விட்றாத."

பிடித்தேன். இரண்டு கையாலும், தண்டவாளத்தைப் பிடிக்கிற மாதிரி. அவன் வலது கை மட்டும் வேலை செய்தது. காய்ந்த துணி. அமுக்கு. இன்னும் அமுக்கு. அவன் மூச்சு விடவில்லை, அவளும் விடவில்லை. ஒரு தடவை அந்த இடது கை என் பிடிக்குள் துள்ளியது. நான் விடவில்லை. தூள் உள்ளே போயிற்று. விரல் அங்கேயே நின்றது.

"எரியுதா?" என்றான்.

"எரியட்டும். பேசாம அமுக்குங்க."

மணியடிக்கும்போது டாக்டர் வந்து குனிந்தார். புருவத்தின்மேல் வெள்ளையாக ஒரு கோடு, அதற்குமேல் வாசலின் பளபளப்பு. அவ்வளவுதான். டார்ச்சை அணைத்துவிட்டு, "போ" என்றார்.

கடைசிச் சுற்றை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நெட்டை புருவத்துக்கே வந்தாள், கையைத் தூக்கித் தூக்கி வந்தாள். கை மேலே போனால் விலா திறக்கும். இவள் குனிந்து உள்ளே புகுந்து விலாவில் இறக்கினாள், ஈரப் போர்வையைக் கல்லில் அறைகிற சத்தம். மறுபடி ஒன்று. நெட்டை மடங்கினாள், கயிற்றில் சாய்ந்தாள், எழுந்து வந்து பதிலுக்கு ஒன்று கொடுத்தாள், அது நேரே புருவத்தில். அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வரல" என்றான் மாப்பிள்ளை. "வரல மச்சான், கண்ணத் திற, வரல."

கடைசி மணி அடித்தபோது நான் இன்னும் அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் நீலமாகிவிட்டிருந்தது. அவனும் கேட்கவில்லை, நானும் விடவில்லை.

மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் என் தங்கைக்கு அதிகப் புள்ளி போட்டிருந்தார்கள். நடுவர் அவள் கையைத் தூக்கினார். அந்த உலுக்கலிலோ, அவள் வாய்விட்டுச் சிரித்ததிலோ, புருவம் பட்டென்று திறந்துகொண்டது. ரத்தம் கன்னம் வழியாக இறங்கி, கழுத்தில் ஓடி, பனியனை நனைத்தது. போட்டோ எடுக்கிறவர்கள் நெருங்கினார்கள்.

"டேய், போய் நிறுத்துடா" என்றேன்.

காய்ந்த துணி அவன் கையில்தான் இருந்தது. இடத்தைவிட்டு நகரவில்லை. வாயெல்லாம் பல்.

"இரு மச்சான். மணி அடிச்சாச்சு. இனி அது கொஞ்சம் ஓடட்டும்."

மேடை நடுவிலிருந்து அவள் எங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணே, அந்தாளு அங்க நின்னு என்ன பண்றாரு? கண்ணு தெரியல, வரச் சொல்லு."

அவன் கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடினான். ஓடும்போதே ஒரு கையால் டப்பா மூடியைத் திறந்துகொண்டு.