எளாவூருக்கு அந்தப் பக்கம் ஓர் அறை

என் மனைவி மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட். ஒரு தொழிற்சாலையில் வேலை எங்கே முடங்குகிறது என்று கண்டுபிடித்து, அதை நேராக்கும் வழியை நிர்வாகத்துக்குச் சொல்வது அவள் தொழில். நான் திருவள்ளூரில் நாளிதழ் நிருபர். கலெக்டர் அலுவலகம், கோர்ட், சாலை மறியல் என்று என் உலகம் ஒரு பைக் தூரத்தில் முடிந்துவிடும். அவள் திங்கட்கிழமை விடியும் முன் கிளம்புவாள். புனே, ராய்ப்பூர், ஜாம்ஷெட்பூர் என்று எங்காவது நான்கு நாள் இருந்துவிட்டு வியாழக்கிழமை திரும்புவாள்.

அவள் பெட்டி அடுக்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். தொழிற்சாலைக்குப் போட்டுக்கொள்ளும் கனமான ஷூவுக்குள் சாக்ஸும் சார்ஜரும் போகும். மூக்குக் கண்ணாடிக் கூட்டில் இட்லிப் பொடி. யாராவது ஆயுத பூஜைக்கு அழைத்தால் கட்டிக்கொள்ள, சுருட்டி வைத்த ஒரு புடவை. பேசிக்கொண்டே அடுக்கி, ஒரே இழுப்பில் ஜிப்பை மூடிவிடுவாள். இதுவரை அது மூடாமல் நின்றதை நான் பார்த்ததில்லை.

இந்த வாழ்க்கையில் சலுகைகள் உண்டு. விமானத்தில் பறந்தாலும் ஓட்டலில் தங்கினாலும் புள்ளிகள் சேரும். ஆண்டுக்கு இத்தனை இரவுகள் ஒரே ஓட்டல் குழுமத்தில் தங்கினால் உயர்ந்த அட்டை ஒன்று கிடைக்கும். அது இருந்தால் பெரிய அறை, இலவசக் காலை உணவு, வேறு ஊரில் சில நாட்கள் ஓசித் தங்கல். இதற்கெல்லாம் விலையும் உண்டு. சொந்தக்காரர்களின் கல்யாண ஆல்பங்களில் நான் தனியாகத்தான் நிற்கிறேன். எதிர்வீட்டுக்காரர் வெகுநாள் வரை என்னைக் கல்யாணம் ஆகாதவன் என்றே நினைத்திருந்தார்.

அவள் அப்பா எளாவூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிரிடுகிறவர். கட்டிக்கொடுத்த பெண்ணிடம் எதையும் வாங்கமாட்டார். அவள் அனுப்பிய வாஷிங் மெஷின் அட்டைப் பெட்டி பிரிக்கப்படாமல் டெம்போவில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது.

“கட்டிக் குட்த்த பொண்ணு டப்பு நமக்கு வாணாம் பாப்பா” என்றார். அந்த எல்லைப் பக்கத்துப் பேச்சில் டப்பு என்றால் பணம்.

அதனால்தான் புள்ளிகள் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தன. விமானம் தலைக்கு மேல் போனால் அவள் அம்மா கழனியில் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். இருவரையும் அந்தமானுக்கு அனுப்பிவைப்பது என்று இவள் முடிவு செய்தாள்.

“இது டப்பு இல்ல நைனா, ஓசி. ஓட்டல்காரன் சும்மா குடுக்கறான்.”

“அவன் இன்னா பைத்தியமா?” என்று கேட்டார். ஆனாலும் தலையாட்டினார்.

அந்த ஆண்டுதான் அவளுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலை வேலை வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அவள் மட்டும் காலண்டர் முன்னால் நின்றாள். வெளியூர் இல்லாவிட்டால் இரவுகள் சேராது. டிசம்பரோடு அட்டை போய்விடும். அதோடு அந்தமான் அறையும் போகும்.

எங்கள் திருவள்ளூர் வீடு தினமும் போய்வரத் தூரம் என்பதால் ஓட்டலில் தங்க அலுவலக விதி இடம் கொடுத்தது. அந்தக் குழுமத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஓட்டல் ஆந்திர எல்லையைத் தாண்டி இருந்தது. தினமும் சாயங்காலம் அவள் கார் பிறந்த ஊருக்குத் திரும்பும் பாதையைக் கடந்து, எளாவூர் சோதனைச் சாவடியையும் கடந்து போனது. பெற்றோரிடம் திருவள்ளூரிலிருந்து வந்துபோவதாகச் சொல்லியிருந்தாள். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னாள்.

ஒரு நாள் சாவடியில் லாரிகள் தேங்கி நின்றன. தவிடு வாங்க வந்த மாமனார் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் நின்ற காரின் பின்சீட்டில், மடிக்கணினியில் முகம் புதைத்து அவர் பெண். அவர் அவளைக் கூப்பிடவில்லை. எனக்குப் போன் செய்தார்.

“மாப்ள, பாப்பா ஊட்டுக்கு வந்துகினு கீறாளா?”

“வந்துகினு இருக்கா மாமா.”

“ஆந்திரா வழியாவா?”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லாரி ஹாரன்களுக்கு மேலே அவர் குரல் வந்தது.

“பொறந்த ஊட்டாண்ட வண்டி திரும்பாம போயி எங்கியோ படுத்துகினு சேர்க்கறதா ஓசி? இது டப்ப விட வெல ஒஸ்தியா கீதே. எனுக்கு வாணாம்.”

இதை அவளிடம் சொன்னபோது அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. சரக்கு எந்திரத்திடம் போக முடியாவிட்டால் எந்திரத்தைச் சரக்கிடம் நகர்த்து என்பது அவள் தொழிற்சாலைகளில் சொல்லும் வழிகளில் ஒன்று. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“என்னால அங்க வந்து தங்க முடியலம்மா. நீங்க இங்க ஓட்டலுக்கு வந்து தங்குங்க. நாளைக்குச் சாயங்காலம் கார் வரும்.”

மாமியார் புருஷனிடம், “நான் போறேன். வர்றதுன்னா வா, இல்லாட்டி மாட்டப் பாத்துக்கினு கெட” என்று சொல்லியிருக்கிறார். மாமனார் மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, மீன் குழம்புத் தூக்கோடு வந்து சேர்ந்தார். நானும் போனேன். அட்டையின் தயவில் கூடம் வைத்த அறை. எனக்கு சோபா.

காலையில் சாப்பாட்டுக் கூடத்துக்கு நாங்கள் இறங்கியபோது அவள் ஏற்கெனவே ஷூ மாட்டிக்கொண்டு, போனில் ஆலையோடு பேசிக்கொண்டிருந்தாள். இரவு ஷிப்டில் உலை எதற்காக நின்றது என்று கேட்டாள். பதிலை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் அடுத்த கேள்வி. குரல் உயரவே இல்லை. மாமனார் அதைக் கவனித்தார். பரிமாறும் பையன் கேட்காமலே அவள் முன் காபி வைத்துவிட்டுப் போனான்.

“தம்பி, சக்கர போடலியே?” என்றார் மாமனார்.

“மேடம் எப்பவும் போட மாட்டாங்க சார்.”

அவர் மனைவி பக்கம் திரும்பினார். “நம்ம ஊட்ல பாகு மாதிரி கலக்கிக் குடுப்பேன். குடிச்சிக்கினுதான இருந்தா?”

“நீ குட்த்தா குடிப்பா. வேணாம்னா சொல்லுவா?”

அவர் இட்லியைப் பிட்டுக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். மகள் போனை வைத்ததும் கேட்டார்:

“பாப்பா, அந்தமான் ரூம்ல மூணு கட்டிலு போடுவானா?”

அவள் காபியைக் கீழே வைத்தாள். “போடுவான் நைனா.”

“அப்ப நீயும் வரணும். அந்தப் பொட்டி வரக்கூடாது.” காலடியில் இருந்த மடிக்கணினிப் பையைக் காட்டினார்.

பழக்கத்தில் அவள் கை போன் காலண்டருக்குப் போனது. பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். “பொட்டி வராது நைனா.”

“மாப்ள?” என்றார் மாமியார்.

“மாப்ளைக்கு மாடு கீது” என்றார் மாமனார்.

அந்த இரவும் கணக்கில் சேர்ந்தது. டிசம்பருக்குள் அட்டை நிலைத்தது. அவர்கள் மூவரும் பறந்த காலையில் நான் எளாவூருக்கு இந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். மடிக்கணினிப் பை மாமனார் வீட்டுக் கூடத்தில் நெல் மூட்டை மேல் இருந்தது. அவர்கள் திரும்பி வரும்வரை அதை யாரும் தொடவில்லை.