அத்தை இரண்டு முறை தகுதி இழந்த கதை

முறைப்பாடு எழுத வேண்டும் என்ற எண்ணம் ராகலை பஸ்ஸில் வந்தது. ஒரு கையில் மேல் கம்பி, மறு கையில் அத்தையைப் பற்றிய அறிக்கை. "வேலைக்கு ஒழுங்காகச் செல்வதில்லை. வருமானம் நிலையற்றது" என்று எழுதியிருந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். காய்ச்சலோடும் மலையேறித் தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஆள் யார் என்று கேட்டால், எங்கள் கங்காணி யோசிக்காமல் அத்தையைத்தான் காட்டுவார்.

என் சித்தி நுவரெலியாவில் வாடகை அறையொன்றில் மகளோடு தனியாக இருந்தார். சித்தப்பா கொழும்பில் வேறு குடும்பம் தேடிக்கொண்டு வெகுகாலம். போன வருடம் சித்தி இறந்தபோது, நாங்கள் செய்தி கேட்டு ஓடுவதற்குள் ஆறு வயதுத் தங்கச்சியைச் சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். தாய்மாமன் நான் இருக்கிறேனே என்று மாமா போய் நின்றார். இருந்தால் போதாதாம், மாமாவும் அத்தையும் வளர்க்கத் தகுதியானவர்களா என்று வீடு வந்து மதிப்பிட வேண்டுமாம். நல்ல நடைமுறைதானே என்று வீட்டில் எல்லோருக்கும் விளக்கவுரை நிகழ்த்தியது நான்தான். படித்தவள் அல்லவா!

மதிப்பிட வந்த அதிகாரி மேடம் யாழ்ப்பாணத்தவர். முதல் தடவை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேலைநாள் காலையில் வந்தார். அந்த நேரத்தில் லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், நாய்தான் இருக்கும். அது வரவேற்றிருக்கிறது. கதவில் பூட்டு. "பகலில் வீட்டில் பொறுப்பான எவரும் இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த தடவை நாள் சொல்லிவிட்டு வந்தார். அத்தை அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு, தலை குளித்து, வாசலிலேயே நின்றார்.

"இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையோ?"

"நீங்க வாறீங்கன்னுதாங்க மலைக்குப் போகல மேடம்."

"அடிக்கடி இப்பிடி நிண்டுடுவீங்களோ?"

"இல்லீங்க, நீங்க வந்தா மட்டுந்தான்."

மேடம் பேனாவை எடுத்தார். அத்தை உண்மையைச் சொன்ன அழகு அப்படி.

"பிள்ளைக்குத் தனி அறை இருக்கோ?"

மாமா ஒற்றை அறை லயக் காம்பராவைச் சுற்றிப் பார்த்தார், இவ்வளவு நாளும் கண்ணில் படாத அறை ஏதாவது அகப்படுமா என்பதுபோல. அடுத்த காம்பரா அக்கா வாசலில் நின்றே பதில் சொன்னார்: "தனி ரூம்னா தொரை பங்களாவுலதான் மேடம் இருக்கு. அங்க ஒருக்கா கேட்டுப் பாப்பமா?"

லயமே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. இல்லத்தில் என் தங்கச்சி படுக்கிற நீள அறையை நான் பார்த்திருக்கிறேன். கட்டிலோடு கட்டில் இடிக்கும். அங்கே தனி அறை கேட்டு யாரும் பேனா திறந்ததாகத் தெரியவில்லை.

ஆக, மலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. போகாவிட்டால் வருமானம் இல்லை. முறைப்பாட்டை நான்கு பக்கத்துக்கு எழுதி, மேடத்தின் காரியாலயத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த கிளார்க் ஐயா முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "நல்ல தமிழ் தங்கச்சி" என்றார்.

"யார்கிட்ட குடுக்கணும் ஐயா?"

"மதிப்பீடு சம்பந்தமான முறைப்பாடெல்லாம் மேடம்தான் பாக்கிறது."

"முறைப்பாடே மேடத்தப் பத்தித்தானே?"

"அதனாலதான் சொல்றேன், அவங்களுக்குத்தான் விஷயம் நல்லா தெரியும்." கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனிதர் உதவிதான் செய்துகொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் போனபோது தங்கச்சி கேட்டாள்: "அக்கா, மேடம் இன்னும் வீட்டப் பாத்து முடிக்கலயா? நம்ம வீடு அவ்வளவு பெருசா?" அடுத்த மாதம் கோர்ட்டில் அவளுடைய வழக்கை எடுக்கிறார்கள். அன்றைக்கும் இதே அறிக்கை போனால் அவளைக் கண்டிப் பக்கம் நிரந்தர இல்லமொன்றுக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு எங்களுடைய ஞாயிற்றுக்கிழமைகளும் இல்லை.

"வீட்டுல இருந்தாலும் குத்தம், மலையில இருந்தாலும் குத்தம்" என்றார் அத்தை. "பேசாம அந்த மேடம் வீட்டுலயே போயி ஒக்காந்துக்கவா?"

அத்தையை அங்கே அனுப்புவதாக இல்லை. மேடத்தைத்தான் இங்கே கூப்பிடப் போகிறேன், வேலைநாளில், மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கே. அத்தை வேலை செய்வதை அங்கே பார்க்கலாம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக் காவல் இருக்கிற பிள்ளைக் காம்பரா ஆயாவும் அங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். வர முடியாது என்று மேடம் சொன்னால், அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த நான்கு பக்கங்களோடு கண்டிக்குப் போய் மேலதிகாரி முன்னால் நிற்பேன். செவ்வாய்க்கிழமை விடிகாலை பஸ்ஸில் காரியாலயத்துக்குப் புறப்படுகிறேன். மாமாவும் வருகிறார், அங்கே தான் வாயைத் திறப்பதில்லை என்ற நிபந்தனையோடு.